இரண்டாவது பிரேக்

அந்த ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் பிரேக் அக்கா. அவளுக்கு வேறு பெயர் உண்டு, லைசென்ஸில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் அவள் தெருவிலேயே யாருக்கும் வழி காட்டத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்ள வந்தவர் வலது சீட்டில் வியர்த்து வழிந்துகொண்டிருப்பார். இவள் இடது சீட்டில் இருப்பாள். இவள் காலடியிலும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கற்றுக்கொள்பவர் லாரியைப் பார்த்து மலைத்துப்போய் நிற்க மறந்தாலும் இவள் கால் மறக்காது. இத்தனை வருடத்தில் அந்தக் காரின் முகப்பில் ஒரு கீறல் கிடையாது. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கடம் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் வேலையை விடவில்லை. பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் அவள் வலது பாதம் தரையை அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் டீப்பாய் ஒரு சாண் நகர்ந்துவிடும். வலது செருப்பு மட்டும் முதலில் தேய்ந்துபோவதால் ஒருமுறை கடையில் போய் அதை மட்டும் தனியாகக் கேட்டாள். "ஒத்தச் செருப்பு விக்கிற பழக்கம் எங்ககிட்ட இல்லக்கா" என்றார் கடைக்காரர். அவரும் இவளிடம் கற்றவர்தான்.

அக்காவின் கணவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்பவர். பிளாஸ்டர் அச்சில் மெழுகு உருக்கி, பல்லை ஒவ்வொன்றாக உட்காரவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் தருவார். அவசரம் என்ற சொல்லே அவர் அகராதியில் இல்லை. அவருக்கு நெடுநாளாக ஒரே ஓர் ஆசை. கடலோரச் சாலையில் காரில், மெதுவாக, நினைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் இருவரும் அந்த வழியாக பஸ்ஸில் போயிருக்கிறார்கள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றவர்களின் அக்குள்களுக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று தெரிந்தது. அவர் பார்த்த கடல் அவ்வளவுதான்.

"அக்குள் இல்லாத கடல ஒரு தடவ பாக்கணும்" என்பார்.

அக்கா ஏன் அழைத்துப் போகவில்லை என்று கேட்கலாம். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்கூல் காரை ஸ்கூல்காரர் வெளியூருக்குத் தர மாட்டார். சொந்த கார் கிடையாது. வாடகைக் காரில் போகலாமென்றால், வேறொருவர் ஓட்ட, காலடியில் பெடல் இல்லாமல் அக்கா உட்கார வேண்டும். அது நடக்கிற கதையா? ஆகவே ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் பேச்சு எழும்பும், பிறகு அப்படியே அடங்கிவிடும்.

இந்த வருடம் மகள் போன் செய்தாள். கடலோரச் சாலை போய் முடிகிற துறைமுக நகரத்தில் அவளுக்கு வேலை. கப்பலில் சரக்குப் பெட்டிகளை ஏற்றும் கிரேனை இயக்குபவள். பெரிய கட்டட உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே எறும்பளவு தெரியும் லாரிகளின் முதுகில் இரும்புப் பெட்டிகளைப் பூப்போல இறக்கிவைப்பாள்.

"அப்பா, கார் வாங்கிட்டேன். லீவு போட்டுட்டு வரேன். உங்கள கூட்டிட்டுக் கடலோரமாவே இங்க வந்துடலாம். ரெண்டு மூணு நாள் ஆனாலும் பரவால்ல, மெதுவா வருவோம்."

கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் மகள். "நீங்க முன்னாடி உக்காருங்க. அம்மா பின்னாடிதான்."

"சரி" என்று அக்காதான் சொன்னாள். திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரம் வைக்காமல் வெறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மகள் ஒன்றும் வீம்புக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயதானபோது அக்காதான் வண்டி கற்றுக்கொடுத்தாள். நன்றாகவே ஓட்டினாள். தேர்வு நாளில் ஆய்வாளர் பின் சீட்டில் உட்காருவார், பயிற்சி கொடுத்தவர் இடது சீட்டில் சும்மா இருக்க வேண்டும். அவர் கால் இரண்டாவது பிரேக்கைத் தொட்டால் ஒரு மணி கிர்ரென்று அலறும், தேர்வு அங்கேயே முடிந்தது. எத்தனையோ பேரின் தேர்வில் அக்கா கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். மகளின் தேர்வில், கடைசித் திருப்பத்தில், ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். மணி அலறியது.

"நான் பாத்துட்டேன்மா. என் கால் பிரேக்லதான் இருந்துச்சு" என்றாள் மகள்.

"நீ பாக்கல" என்றாள் அக்கா.

அன்றைக்கு அந்தக் கார் மகளின் காலால் நின்றதா, அம்மாவின் காலால் நின்றதா என்று சொல்ல யாராலும் முடியாது. மகள் அதன்பின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வேலைக்குப் போன ஊரில் வேறொரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். பிரேக் அக்காவின் மகள் அடுத்தவரிடம் போய் வண்டி கற்றாள் என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது அக்கா முகத்தில் ஈயாடவில்லை. சண்டை என்று சொல்வதற்கில்லை. மகள் போன் செய்வாள், லீவுக்கு வருவாள், அம்மாவுக்குப் புடவை எடுத்துத் தருவாள். ஆனால் எங்கே போவதென்றாலும் ஆட்டோ, பஸ், ரயில். அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கையில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். அந்த முடிவு அக்காவுக்குத் தெரியும். இந்தப் பயணத்தில் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அது அப்படியே உறுதியாகிவிடும் என்றும் தெரியும். அவளுக்கு வேண்டியது கடல் இல்லை. மகளுக்குப் பக்கத்து சீட்.

ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? மறுநாள் சாயங்காலமே அக்கா சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டாள். எங்கே சாலை குறுகல், எங்கே இறக்கம், எந்தப் பாலத்தில் காற்று அடிக்கும், எந்தச் சந்தையில் மாடுகள் குறுக்கே வரும் என்று தன் பழைய மாணவர்களான லாரிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் பார்த்தாள். ஆபத்தான இடத்தையெல்லாம் விலக்கி, சிவப்புப் பேனாவால் வழியைப் போட்டு, கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பல்செட்டில் மேடு பள்ளம் பார்ப்பதுபோல வரைபடத்தின் மேல் குனிந்தார். விரலால் சிவப்புக் கோட்டைத் தடவிக்கொண்டே போனார். பாறைச் சரிவு ஆபத்து என்று கோடு உள்நாட்டுக்குத் திரும்பியது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் வளைவு அதிகம் என்று மறுபடி திரும்பியது. மீனவர் குடியிருப்பில் நெரிசல் என்று புறவழிச் சாலையில் ஏறியது.

"இதுல கடல் எங்க வருது?"

"இதோ. இங்க ஒரு எடத்துல. அப்புறம் இந்தப் பாலத்துல கொஞ்சம்."

"இது கடலப் பாக்கப் போற பயணமா, கடலுக்குத் தெரியாம ஒளிஞ்சு போற பயணமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "பொண்ணு ஓட்டப்போறா. நாலையும் யோசிக்க வேணாமா?"

"அவ ஒரு தூக்கு தூக்கினா லாரிக்கணக்குல இரும்பு மேல போகுது. அத அலுங்காம கப்பல்ல வெக்கிறா. நம்ம ரெண்டு பேர ஏத்திட்டுப் போக மாட்டாளா? நம்ம என்ன அவ்வளவு கனமாவா இருக்கோம்?"

அக்கா சிரிக்கவில்லை. அவர் போன பிறகும் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. பெடல் இல்லாத காருக்கு மேசையில் உட்கார்ந்தபடியே பிரேக் போட்டுவைத்திருக்கிறோம் என்று புரிந்தது. மகள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று யோசித்தாள். வரைபடத்தை மடித்து அலமாரியில் எறிந்தாள். குறை சாலையில் இல்லை, தன் காலில்தான் என்று ஒப்புக்கொள்ள அன்றைய சாயங்காலம் முழுவதும் ஆயிற்று.

குறை தெரிந்தால் பயிற்சி எடுக்க வேண்டும். அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஃபர்ஸ்ட் கியர் என்று அவள் பட்டம் வைத்த ஒரு பழைய மாணவன் இப்போது டாக்சி ஓட்டுகிறான். கற்றுக்கொண்ட காலத்தில் முதல் கியரைத் தாண்டி வண்டியைப் போகவிடாதவன். அவனைப் பிடித்தாள்.

"தெனமும் காலைல ஒரு சுத்து. நான் முன்னாடி உக்காருவேன். நீ உன் இஷ்டத்துக்கு ஓட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றான் ஃபர்ஸ்ட் கியர்.

முதல் நாள் சவாரியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. இவள் தரையை மிதிக்க, அந்தச் சத்தத்தில் அவன் பயந்து நிஜ பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து இருவருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தார். மறுநாள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கால் அடங்கியது. கால் அடங்கியதும் கை கிளம்பியது. நாற்சந்தி வரும்போதெல்லாம் கை தானாகக் கைப்பிரேக்கைத் தேடிப் போனது. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். உடனே வாய் திறந்தது.

"பஸ் வருது. பஸ்ஸு. பஸ்ஸுப்பா."

"பாத்துட்டேன்கா. அது நிறுத்தத்துல நிக்குது."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நாள் முதல் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு அடக்கிக்கொண்டாள். கால் சம்மணத்தில், கை மடியில், வாய் மிட்டாயில். டாக்சிக்குள் அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து சிக்னலில் நின்ற ஒரு பெண்மணி, இவள் தியானம் செய்கிறாள் என்று நினைத்துக் கும்பிட்டாளாம். இது ஃபர்ஸ்ட் கியர் சொன்னது. அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்.

அப்படியும் அவள் தேறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் கடைத்தெரு முழுவதும் அசையாமல் வந்துவிட்டு, வீட்டு வாசலில் ஒரு பூனை ஓடியதற்கு சம்மணத்தை அவிழ்த்து மிதித்தாள். இறங்கி, காசு கொடுத்துவிட்டு, "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்றாள். மனம் விட்டுப்போயிருந்தது.

"கடைத்தெரு பூரா ஒண்ணும் பண்ணலயேக்கா" என்றான் அவன். "என்ன ஃபர்ஸ்ட் கியர்ல இருந்து செகண்ட் கியர் கொண்டுவர நீங்க எவ்ளோ நாள் பொறுத்தீங்க. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

மறுநாள் காலை அவன் ஹார்ன் அடித்ததும் அவள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

இந்தக் கூத்தையெல்லாம் கணவர் மகளுக்குச் சொல்லிவிட்டார். ரகசியம் அவர் வாயில் தங்காது. அடுத்தவர் வாய்க்குத்தான் அவர் எல்லாம் அளந்து செய்வார். சமையலறையில் நின்ற அக்காவுக்கு ஸ்பீக்கரில் மகள் சிரிப்பது கேட்டது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அக்காவுக்குத் தோன்றியது. தன்னை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்பதில் அவளுக்கு வருத்தமே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து போனுக்கு அருகில் உட்கார்ந்தாள்.

"எங்க எங்க நிறுத்தணும், எந்த வழியா போகணும், எல்லாம் நீயே முடிவு பண்ணும்மா" என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அம்மா, உடம்பு ஏதும் சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பாறைச் சரிவு வழியா போலாம்னு இருக்கேன். அங்கதான் கடல் நல்லாத் தெரியும்."

அக்கா சிவப்புக் கோட்டால் முதலில் விலக்கிய இடம் அது. "போலாமே" என்றாள். வாயில் மிட்டாய்கூட இல்லாமல் சொன்னாள்.

மகள் வந்துசேர்ந்தாள். சின்னக் கார், பழசு, கதவில் முந்தைய சொந்தக்காரர் ஒட்டிய மீன் படம் பாதி உரிந்திருந்தது. டயரைத் தட்டிப் பார்க்க அக்காவின் கை பரபரத்தது. அதைப் பையின் காதுக்குள் நுழைத்துக்கொண்டாள். புறப்படும் காலையில் கணவர் தலையணையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பின் கதவைத் திறந்து ஏறிப் படுக்காத குறையாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்பா, நீங்க முன்னாடின்னு சொன்னேனே."

"எனக்குக் கால் நீட்டணும். அதுவும் இல்லாம, எனக்குத் தூக்கம் வரும். பக்கத்துல தூங்கினா ஓட்டுறவங்களுக்கும் தூக்கம் வருமாம், உங்கம்மா பாடம் நடத்துவாளே."

மகள் தெருவைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள். பிறகு சுற்றி வந்து இடது முன் கதவைத் தானே திறந்தாள்.

"வாம்மா. ஆனா..."

"தெரியும்" என்றாள் அக்கா. செருப்பைக் கழற்றிப் பின் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு ஏறினாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு சம்மணம் போட்டாள். மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஊர் எல்லைவரை அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகள் ஒரு லாரியை முந்தினாள். அக்கா கோத்த விரல்களை நெரித்துக்கொண்டாள். ரயில்வே கேட் தாண்டியதும் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, இடது பக்கம் கடல் வந்துவிட்டது. பின்னால் இருந்து கணவர், "அக்குள் இல்ல, பாத்தியா" என்றார். மகள் பெரிதாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை. படகுத்துறை ஒன்றில் நிறுத்தினார்கள், டீ குடித்தார்கள், ஒரு மணல்திட்டில் காரணமே இல்லாமல் நின்றார்கள். மகள் கிரேன் கூண்டிலிருந்து தெரியும் கடலைப் பற்றிச் சொன்னாள். மேலிருந்து பார்த்தால் ஆழமான இடமும் ஆழமில்லாத இடமும் நிறத்தில் பிரிந்து தெரியுமாம், மழை வரும் முன் கோடு போட்டதுபோல மாறுமாம். அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். மகள் செய்யும் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு தூரம் கேட்டதே இல்லை. எப்போது சம்மணம் அவிழ்ந்தது, எப்போது காலை நீட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது.

பாறைச் சரிவு வந்தது. சாலை கடலுக்கு மேலே வளைந்து வளைந்து போனது. ஒரு வளைவைத் தாண்டியதும் மகள் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. அதே நொடியில் அவளுடைய இடது கை நீண்டு, அம்மாவின் மார்புக்குக் குறுக்கே அணைபோல வந்து நின்றது.

பெல்ட் இழுத்ததில்தான் அக்கா முன்னால் திரும்பினாள். பின்னால் படகொன்றைக் கட்டிய ஒரு வேன் சந்திலிருந்து பின்வாக்கில் சாலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. படகின் மூக்கு கண்ணாடிக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. வேன்காரர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டார்.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

மகள் திரும்பிப் பார்த்தாள். "நீ பாக்கலயா?"

"இல்லயே. நீ சொன்னியே, அங்க தண்ணி நெறம் மாறுது பாரு. பச்ச முடிஞ்சு நீலம் தொடங்குது. அதையே பாத்துட்டு வந்தேன்."

மகளின் பார்வை அக்காவின் கால்களுக்குப் போனது. வெறும் பாதங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, தரைவிரிப்பின்மேல் சும்மா கிடந்தன. குறுக்கே நீட்டிய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"பயந்துட்டியாம்மா?"

"எதுக்குப் பயம்?" என்றாள் அக்கா. "நீதானே ஓட்டுற."

படகு வழிவிட்டு ஒதுங்கியது. சாலை காலியாக இருந்தது. பின்னால் வந்து நின்ற வண்டி ஹார்ன் அடித்தது, இன்னொரு முறை நீளமாக அடித்தது. மகள் வண்டியை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.